மவுண்ட் ரோட்டு விளக்கில் ஒரு புடவை

அந்தக் கட்டடத்தை எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குமுதாவின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடம், சென்னை மவுண்ட் ரோடு. கிறித்துமசு கழிந்து ஆங்கிலப் புத்தாண்டு பிறவாத இடைநாள்களுள் ஒன்றன் மாலை. ஆண்டைத் திட்டமாகக் கூற இயலவில்லை. அறுபதுகளின் பிற்பகுதி எனக் கொள்க. எனக்கும் குமுதாவுக்கும் தனித்தனியே திருமணம் உறுதியாகி, இருவர் திருமணமும் நடவாதிருந்த குளிர்காலம் அது.

ஒரு பெரிய துணிக்கடையின் முகப்பு முழுவதையும் மின்குமிழ்களால் மூடியிருந்தார்கள். கூரை விளிம்பிலிருந்து நடைபாதை வரை சரஞ்சரமாக இறங்கிய அவை ஒருசேர எரியவில்லை. முதலில் ரோசா நிறச் சரங்கள் எரிந்தன, தெருவே சிவந்தது. அவை அவிந்ததும் பச்சையும் நீலமுமான சரங்கள் எரிந்தன. பின்னர் மீண்டும் ரோசா. சுவரோரம் வைத்திருந்த மரப்பெட்டி ஒன்றனுள் ஏதோ சுழன்று 'டக், டக்' என்று ஒலித்தது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு நிறம். கூட்டம் வறுகடலையை மென்றபடியே வாயைப் பிளந்தது.

அந்த ஒளியிலே குமுதா நின்றாள். வெளியே போயிருந்தவள் நேரே வந்து அங்கேதான் எங்களோடு சேர்ந்துகொண்டாள். அவள் உடுத்தியிருந்த பட்டு ரோசாவாக இருந்தது. நான் நன்றாகப் பார்ப்பதற்குள் கடற்பச்சையாயிற்று. அவள் திரும்பிச் சிரித்தபோது கொசுவ மடிப்புகளுள் மீண்டும் ரோசா ஓடியது.

நான் உடுத்தியிருந்தது கருநீலம். வீட்டிலிருந்த பட்டுகளுள் அதுவே உயர்ந்தது என்று தேர்ந்து, கசங்காமல் மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்து, பெரியப்பா வீட்டில் உடுத்தியது. அத்தனை விளக்குகளின் முன்னும் அது கரித்துணியாய்க் கிடந்தது.

"இன்னாடி திலகம், லைட்டப் பாக்காம என்னியே பாத்துக்கினு இருக்க?" என்றாள் குமுதா.

"லைட்டத்தாண்டி பாக்குறேன்" என்றேன்.

தறி நிற்கும் நாள்

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், தறி ஓய்ந்திருக்கும் நாள் அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை என்பது பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியது. நான் புலவர் பட்டம் பெற்றுப் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஆதலின் ஞாயிறு எனக்கு விடுமுறைதான். ஆயினும் வீட்டுத் தறிக்கு அன்று விடுமுறை இல்லை. தறிக்கு இல்லாத விடுமுறை எனக்கும் இல்லை.

காரணம் இது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யும் கோர்வைப் புடவைக்கு இருவர் வேண்டும். நெய்பவர் நடுவில் அமர்வார். மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை, அதாவது நூல் சுற்றிய ஓடத்தை, எறிந்துகொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் நான்.

எனவே, நகரம் ஒளியால் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் சில நாள்களுள் அமாவாசை ஒன்று வந்து விழுந்தாலன்றி எனக்கு அதைக் காண வழியில்லை. எத்தனையோ ஆண்டுகள் அது முன்னே விழுந்தது, பின்னே விழுந்தது. அவ்வாண்டுதான் சரியாக வந்து விழுந்தது.

எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாமலில்லை. தறிக்கு மேல் ஒரு குமிழ் தொங்கும். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றத் தொடங்கியதும் அதன் இழை செம்புழுவைப்போல் நெளியும். கோயில் பெருவிழாக்களில் வாகனத்தின் இருமருங்கும் ஒளி வெள்ளமாகத்தான் வரும். ஆனால் அவை சுவாமிக்கு ஏற்றிய விளக்குகள். நாங்கள் ஓரமாக நின்று, அவற்றின் மிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

மவுண்ட் ரோட்டு விளக்கு மனிதர் மேல் விழுந்தது. அன்று அது குமுதாவின் மேல் விழுந்தது.

கையால் ஓட்டிய ரயில்

குமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் பெரியப்பா மகள். பெரியப்பா இளமையிலேயே தறியை விட்டுச் சென்னைக்குப் போய், ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளராக அமர்ந்தவர். குமுதா அங்கேயே பிறந்தாள். எனக்கும் அவளுக்கும் சில மாதங்களே இடைவெளி.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். வரும்போது, சென்ற மாதம் தான் பார்த்த விளக்குகளையும் கூடவே கொண்டுவருவாள்.

"ரயிலு ஓடுதுடி. ஆனா ஓடல" என்பாள்.

"ஓடுதா, ஓடலியா?"

"லைட்டுதாண்டி ஓடுது. ரயிலு அங்கியேதான் இருக்குது. உனுக்குச் சொன்னா புரியாது. பாத்தாதான் புரியும்."

அப்புறம் இரங்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கி, சுவரின் மேல் ஒரு ரயிலை ஓட்டிக் காட்டுவாள். எனக்குப் புரியாது. புரிந்ததாகத் தலையாட்டுவேன். பள்ளி திறந்ததும் என் தோழியரைச் சுற்றி உட்காரவைத்து, நானே நேரில் கண்டதைப்போல் அதே ரயிலை என் விரல்களால் ஓட்டுவேன். ஒருமுறை ஒருத்தி, "சக்கரம் இன்னா கலரு?" என்று கேட்டுவிட்டாள். குமுதா சக்கரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "அது சக்கரமில்லாத ரயிலு" என்றேன். நம்பினார்கள். ஆனால் அடுத்த பொங்கல் வரை எனக்கு அந்தச் சக்கரங்களின் நினைவுதான்.

பிறர் கண்டதை நாம் காணாதிருப்பது ஒரு துன்பம். அதனை அவர் வாயாலேயே, அவர் வேண்டுமளவு நிறுத்தி நிறுத்திச் சொல்லக் கேட்பது அதனினும் பெரிது. நான் படித்த இலக்கணங்கள் மெய்ப்பாடுகளை வகுத்து வைத்திருக்கின்றன. பெரியப்பா மகளின் ரயிலைக் கேட்டிருப்பவளின் மெய்ப்பாட்டுக்கு அவற்றுள் எங்கும் இடம் ஒதுக்கப்படவில்லை.

"தெரியாத மாதிரி கேக்குற"

மவுண்ட் ரோட்டுக்குத் திரும்புவோம். பெரியப்பா முன்னே சென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னே நின்றோம். எவ்வளவு அடக்கியும் என் வாய் கேட்டுவிட்டது.

"குமுதா, இந்தப் பொடவ எங்க எடுத்தது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, தெரியாத மாதிரி கேக்குற?"

"தெரியாமத்தாண்டி கேக்குறேன்."

"போடி. டிராமா போடாத" என்று சிரித்துவிட்டு நடந்தாள்.

அந்தச் சிரிப்பை நகரத்தின் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்பொருள் உனக்கு எட்டாது, எங்கே கிடைக்கும் என்று அறிந்தும் நீ என்ன செய்துவிடப் போகிறாய் என்று அது சொன்னதாக எனக்குப் பட்டது. நெரிசலில் அவளை நெருங்கிச் செல்வதுபோல் சென்று முந்தானையை இரு விரலால் தொட்டுப் பார்த்தேன். நல்ல பட்டு. நெசவின் அழுத்தம் எங்கள் ஊர் அழுத்தம்.

என் நெஞ்சு மேலும் வெந்தது. கல்கத்தாவிலோ காசியிலோ நெய்ததாக இருந்தால் ஒருவாறு பொறுத்திருப்பேன். எங்கள் ஊரிலேயே, எவரோ ஒருவர் வீட்டில், இது நெய்யப்பட்டிருக்கிறது!

நெசவாளர் வீட்டுப் பெண்ணாகையால் என் சிந்தை உடனே நூலுக்குள் புகுந்தது. அசைய அசைய நிறம் மாறும் பட்டு எங்களுக்குப் புதிதன்று. நீளவாட்டில் ஓடும் பாவு ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை மற்றொரு நிறமுமாக வைத்தால் துணி ஒருபுறம் ஒன்றாகவும் மறுபுறம் வேறாகவும் மின்னும். மயில்கழுத்து அப்படித்தான் நெய்யப்படுகிறது. எனில் இதற்குப் பாவு ரோசா. ஊடை நீலம் கலந்த பச்சை. ஐயமேயில்லை.

வீட்டில் என் கூறைப்புடவைக்கென அரக்கு நிறம் ஏற்றிய பட்டு நூல் ஏற்கெனவே உலர்ந்து, கழி என்னும் நூற்கற்றைகளாகப் பெட்டிக்குள் இருந்தது. மார்கழியில் தொடங்கலாகாது என்று அம்மா தடுத்தமையால் தை பிறக்கக் காத்திருந்தோம். தைக் கடைசியில் என் திருமணம். குமுதாவின் திருமணம் மாசியில்.

மணவறையில் நான் உடுத்தப்போவது அரக்கு அன்று, இதுதான் என்று அந்த 'டக், டக்' ஒலியின் நடுவே முடிவு செய்தேன். குமுதா மாசியில் எதையேனும் உடுத்திக்கொள்ளட்டும். நான் தையிலேயே முந்திக்கொள்வேன். அங்கிருந்தே பெரியப்பா என்னைக் கடைசிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

"எவன் நெஞ்சான்?"

எங்கள் தெருவில் தந்தையை நயினா என்று அழைப்பதே வழக்கம். எழுத்தில் அச்சொல்லை நான் ஆளுவதில்லை. பேச்சில் வேறு சொல் எனக்கு வந்ததில்லை.

"நயினா, என் கூறைக்கு அரக்கு வேணாம்" என்றேன், ஊர் திரும்பியதும்.

"இன்னாது?" என்று அம்மாவின் குரல் அடுக்களையிலிருந்து எழுந்தது.

கண்டதைச் சொன்னேன். "இப்படிப் பாத்தா ரோசா. அப்படிப் பாத்தா பச்ச. வெறும் பச்சயும் இல்ல, நீலம் கலந்த பச்ச."

அப்பா சினப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சுதா?"

"தெளிவா தெரிஞ்சுது நயினா."

"கலங்கல?"

"கலங்கவே இல்ல."

"ரோசாப் பாவுல பச்ச ஊடைய வுட்டா சேறாத்தான் போவும்னு சொல்வாங்க. அதனால யாரும் தொட மாட்டாங்க." எழுந்து முற்றத்தில் உலாவினார். "அழுத்தம் எப்படி இருந்துது?"

"நம்ம ஊரு அழுத்தம்."

அவர் நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். முதல்நாள் மாலை என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"எவன் நெஞ்சான்?" என்றார். நெய்தான் என்பதை எங்கள் தெரு அப்படித்தான் சொல்லும்.

"கண்ணாலம் பண்றதா, வேடிக்கை காட்றதா?" என்று அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "கூறைன்னா அரக்குதான். எங்கம்மா கட்டினது அரக்கு, நான் கட்டினது அரக்கு."

"நீ சும்மா இரும்மா. எவனோ ஒருத்தன் இந்த ஊர்ல உக்காந்துக்கினு நெஞ்சிருக்கான். எனக்குத் தெரியாம நெஞ்சிருக்கான்" என்றார் அப்பா.

அடுத்து வந்த நாள்களில் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் சாக்கில் தெருவில் ஒரு தறி விடாமல் எட்டிப் பார்த்துவந்தார். சுண்ணாம்பு எங்கள் வீட்டில் சேர்ந்துகொண்டே போயிற்று.

"எவனும் வாயத் தொறக்க மாட்டன்றான்" என்றார்.

"உங்க அண்ணனக் கேட்டா தீந்துபோச்சு. கடையில இருக்குறவரு, தெரியாதா?" என்றார் அம்மா.

"அவர்கிட்டப் போயி எனுக்குத் தெரியலன்னு நிக்கணுமா? தறிய வுட்டுட்டுப் போனவரு அவரு. நானு வுடாதவன்."

கைமாறிய கழிகள்

பொங்கலுக்குப் பெரியப்பா தனியே வந்தார். நிச்சயமான பெண்ணை ஊர் அனுப்பப் பெரியம்மாவுக்கு மனமில்லையாம். கூடத்தில் ரோசாச் சாயம் ஏற்றிய புதுக் கழிகள் தொங்கின. அவற்றைப் பெட்டியில் வைக்க இடம் வேண்டி வெளியே எடுத்துவைத்த அரக்குக் கழிகள் ஒரு மூலையில் கிடந்தன. பெரியப்பா ஒன்றை எடுத்து வெயிலில் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடா, இவ்ளோ நல்லா ஏறியிருக்குது. இது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. திலகம் வேணான்னுட்டா."

"அப்ப குமுதாவுக்குக் குடுத்துடேன். அவுளுக்கும் கூறை எடுக்கணும் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். என் மனத்தில் அப்போது கடற்பச்சையும் ரோசாவும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வேண்டாமென்றதைக் குமுதா உடுத்தப்போகிறாள் என்னும் எண்ணம் கருப்பஞ்சாறாக இனித்தது.

"எடுத்துக்குங்க பெரியப்பா" என்றேன்.

எங்கள் தறியில் ரோசாப் பாவு ஏற வேண்டியிருந்ததால், அரக்கு நூல் அடுத்த வீட்டு ஏகாம்பரம் மாமாவின் தறிக்குப் போயிற்று. இடையே ஒரு சுவர்தான்.

பெரியப்பாவின் வேட்டி

பாவு ஏறியது. அப்பா நடுவில் அமர்ந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எடுத்தேன். பச்சை ஊடை ரோசா இழைகளுக்குள் போய்த் திரும்பியது. பலகையை இழுத்து அடித்தார். மீண்டும் போயிற்று. ஒரு விரல் அகலம் நெய்ததும் இருவரும் குனிந்து பார்த்தோம்.

சாம்பல்.

"வெயிலு வரட்டும்" என்றார் அப்பா. வெயில் வந்தது. வெயிலிலும் சாம்பல். ஊடையை மெலிதாக்கினார், சேறாயிற்று. சாயக்காரரிடம் நீலத்தைக் கூட்டி வாங்கிவந்தார், எலியின் முதுகாயிற்று. "உங்க பொண்ணுக்குக் கண்ணாலமா, இல்ல வேற எதனாவதா?" என்று சாயக்காரர் கேட்டாராம். தறியில் பட்டை பட்டையாக ஒரு சாண் அளவு துக்கம் வளர்ந்திருந்தது.

சுவருக்கு அப்பால் ஏகாம்பரம் மாமாவின் தறி தடையின்றி அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் இழை அரக்கு குமுதாவுக்குச் சேர்கிறது என்பதை நான் அறிவேன். தைக்கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. என் திருமணத்துக்குப் புடவை இல்லை.

கடைசியில் அப்பா தம் மானத்தை விட்டு, சென்னைக்குப் போகிறவர் ஒருவர் மூலம், குமுதாவின் அந்தப் புடவையை மாதிரிக்கு அனுப்பும்படி சொல்லி அனுப்பினார். பெரியம்மா தடுத்தும் கேளாமல் புடவையோடு குமுதாவே வந்துவிட்டாள். தன் கூறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. நேரே ஏகாம்பரம் மாமா வீட்டுக்குள் புகுந்து, அதைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பூரிப்பாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

உச்சி வேளை. முற்றத்தில் வெயில் நிறைந்திருந்தது. பையிலிருந்து புடவையை எடுத்து உதறினாள்.

சந்தன நிறம். வெறும் சந்தன நிறம். ரோசா இல்லை, பச்சை இல்லை.

அப்பா அதைக் கையில் வாங்கிக் கரையைப் புரட்டினார். முந்தானை ஓரத்தை விரலால் தடவினார். "இது நம்ம பொடவமா" என்றார்.

"பின்ன யாருது சித்தப்பா? நீங்கதான தீபாவளிக்கு அனுப்புனீங்க? திலகம் கட்ட மாட்டன்றா, கெழவி நெறம்னு சொல்றான்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களாமே."

உண்மைதான். அந்தப் புடவைக்குக் கரை நாடா எறிந்தவளும் நான்தான். உடுத்த மாட்டேன் என்று உதறியவளும் நான்தான்.

"அன்னிக்கு ரோசாவா இருந்துதேடி" என்றேன். "அப்புறம் பச்சையாச்சே. மாறி மாறி..."

குமுதா என்னைப் பார்த்தாள். தறியிலிருந்த சாம்பல் பட்டைகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. அப்படியே முற்றத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ சித்தப்பா! லைட்டு செவப்பா எரிஞ்சா செவப்பு, பச்சையா எரிஞ்சா பச்ச! வெளுப்பா இருக்குற துணி எல்லாமே அப்படித்தான் ஆவும். எங்கப்பா வேட்டிகூடத்தான் பச்சையாச்சு. அதுக்கும் பாவு ஊடை பாத்தாளா இவ?"

பெரியப்பாவின் வேட்டியை யார் பார்த்தார்? நகரத்துப் பெண் எவளும் செய்யாத பிழை இது. துணி நிறம் மாறினால் அவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள். நாங்கள் நூலைப் பார்ப்போம். நிறம் என்பது நூலுக்குள் மட்டுமே இருக்க முடியும் என்பது எங்கள் குருதியில் ஏறிய சாயம்.

தெருவிலுள்ள தறிகளையெல்லாம் எட்டிப் பார்த்து அப்பா தேடிய அந்த நெசவாளர், அவரேதான். பல நாளாகத் தம் மீதே காய்ந்துகொண்டிருந்திருக்கிறார். புடவையைக் கையிலிருந்து இறக்காமலே கேட்டார்:

"நல்லாத்தான் நெஞ்சிருக்கேன், இல்ல?"

கனகாம்பரம்

ஏறிய பாவை இறக்க நாளில்லை. சாம்பல் பட்டையை அறுத்தெறிந்துவிட்டு, அதே ரோசாப் பாவில் அப்பா மஞ்சள் ஊடையை விட்டார். கனகாம்பரப் பூவின் நிறம் எழுந்தது. தெருப் பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் கைவைத்தார்கள். அம்மாகூட, "பரவால்ல, கண்ணுக்குக் குளிச்சியாத்தான் இருக்குது" என்றார்.

அழகாகவே இருந்தது. அழகில்லாதிருந்தால் உட்கார்ந்து அழவாவது முடிந்திருக்கும்.

நான் கரை நாடாவை எறிந்துகொண்டே சுவருக்கு அப்பால் செவி வைத்திருந்தேன். தயிர் கொடுக்கப் போவதுபோல் போய் ஏகாம்பரம் மாமாவின் தறியை எட்டிப் பார்ப்பேன். கிளிப்பச்சைக் கரைக்கு நடுவே அந்த அரக்கு, வெட்டிய மாதுளையைப்போல் வளர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுப் பெட்டியில் கிடந்த நூல். நானே 'எடுத்துக்குங்க' என்ற நூல். மவுண்ட் ரோட்டில் நான் பொறாமைப்பட்டது இல்லாத ஒரு நிறத்துக்காக. இது இருக்கிற நிறம்.

என் திருமணத்துக்கு முதல்நாள் பகல், குமுதா பெரியம்மாவோடு வந்தாள். வந்தவள் ஏகாம்பரம் மாமா வீட்டில் தன் கூறையை வாங்கிக்கொண்டு, நேரே என்னிடம் வந்து மடியில் வைத்தாள்.

"கட்டிக்கோடி."

"இன்னாடி இது?"

"உனக்குன்னு சாயம் போட்டதுதான. மாசிக்கு இன்னும் நாளு இருக்குது. எங்கப்பா கடையில வேற எடுத்துக் குடுப்பாரு. நீ ஒருவாட்டி கட்டிட்டா அப்புறம் எனக்குக் கூறைக்கு ஆவாது, அதனால உனக்கே இருக்கட்டும். நீ தயிரு எடுத்துக்கினு எட்டி எட்டிப் பாத்தியாமே. மாமா சொன்னாரு."

அதன் கனம் என் மடியில் இருந்தது. புதுப்பட்டின் கஞ்சி மணம் முகத்தில் ஏறியது. என் கைகள் அதன்மேல் இருந்தன. அவற்றை எடுக்க எனக்கு விருப்பமில்லை.

"வாங்கிக்கோமா" என்றார் அம்மா. "கூறைன்னா அரக்குதான்."

அப்பா வாயிற்படியருகே நின்றார். அவர் நெய்த கனகாம்பரம், மஞ்சள் தடவித் தட்டில் இருந்தது.

அன்று நான் அந்த அரக்கை வேண்டாமென்றதற்கு அப்பாவே காரணம் என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அந்தக் கணத்தில் என் மனத்தில் நின்றது வேறு. குமுதா எல்லாவற்றையும் முதலில் பார்த்தாள். எல்லாவற்றையும் எனக்கு விரலால் காட்டினாள். இப்போது என் கூறையையும் அவள் கையாலா நான் வாங்குவது?

"எனக்கு என்னுது இருக்குதுடி" என்று எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"பைத்தியம்" என்றாள் குமுதா. அவள் கண்ணில் நீர் நின்றது. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுப்பவளாகவும் அவளே இருந்தாள். அழுபவளாகவும் அவளே இருந்தாள்.

மாசி வெயில்

மறுநாள் கனகாம்பரத்தில் எனக்குத் திருமணம் ஆயிற்று. தென்னேரிப் பக்கத்து உறவினர்கள், மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் புடவையைப் புகழ்ந்தார்கள். அப்பாவின் நடையில் ஒரு மிதப்பு வந்திருந்தது. நான் தலைகுனிந்து அமர்ந்திருந்ததை மணப்பெண்ணின் நாணம் என்று கொண்டார்கள்.

மாசியில் குமுதாவின் திருமணம் சென்னையில் நடந்தது. நானும் என் கணவரும் புதுமணமக்களாகச் சென்று முன்வரிசையில் அமர்த்தப்பட்டோம். சத்திரத்தின் முற்றம் வானம் பார்த்தது. காலை முகூர்த்தம். வெயில் மேற்கூரையின் ஓரத்தைத் தாண்டி மணவறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குமுதா உள்ளிருந்து வந்தாள். நிழலில் வந்தவரை அது நல்ல அரக்கு என்ற அளவில்தான் இருந்தது. வெயிலுக்குள் கால் வைத்ததும் பட்டு அடியிலிருந்து விழித்துக்கொண்டது. கறுப்பென்று தோன்றிய மடிப்புகளெல்லாம் உள்ளே கனிந்து சிவந்தன. கரையின் பச்சை அதைப் பிடித்து நிறுத்தியது. நாதசுவரக்காரரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பெண்டிர் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து கடைசி வரை போயிற்று. அவளை அழகி என்று எவரும் அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னார்கள்.

அவள் தீவலம் வந்தாள். எங்கள் அருகே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் கணவர் என் பக்கம் சாய்ந்தார். திருமணமாகிச் சில நாளே ஆகியிருந்தபடியால், பேசுவதற்கு ஏதேனும் கிடைத்தால் விடமாட்டார்.

"உங்க பெரியப்பா பொண்ணு பொடவ ரொம்ப நல்லா இருக்குதுல்ல?"

"ம்."

"உனக்கு அந்த நெறம் இன்னும் நல்லா இருந்திருக்கும். நம்ம கூறைக்கு ஏன் அத எடுக்கல?"

"எனக்கு அந்த நெறம் புடிக்காதுங்க" என்றேன், அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.